ஏஐ வாங்கும் முன் ஈர மீட்டரைச் சரிபாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் மணிக்கு 2 டன் திறனுள்ள புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறேன். ஒரு லோடில் நொய் குறைவு. அடுத்த லோடில் அள்ளிக்கொண்டு போகிறது. ஆலை முழுக்க சென்சார் மாட்டி, எந்த நெல்லை என்ன விலைக்கு வாங்கலாம் என்று ஏஐ மூலம் சொல்வதாக ஒரு கம்பெனி பேசுகிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நொய் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; எந்த லோடில் எத்தனை கிலோ என்று எழுதவில்லை. அந்தக் கணக்கு இல்லாத ஆலையில் ஏஐ கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

உங்கள் பணம் முதலில் கரைவது எடைமேடையில். 20 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான் நிற்கும். 17 சதவீதத்தில் வாங்கியிருந்தால் 96½ கிலோ. 10 டன் லோடுக்கு 350 கிலோ வித்தியாசம்! மழையோடு குறுவை அறுக்கும் நம் டெல்டாவில், பல்லில் கடித்துப் பார்த்து விலை பேசுவது கட்டுப்படியாகாது.

லாரியின் மேல், நடு, அடி என்று குறைந்தது 10 மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுத்த நெல்லை நன்றாகக் கலந்து, ஈர மீட்டரில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். வெயிலில் நின்ற லாரி நெல்லும் டிரையரிலிருந்து வந்த நெல்லும் சூடாக இருக்கும்; சூட்டோடு அளந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். மூடிய டப்பாவில் ஆறவிட்டு அளங்கள். மாதம் ஒருமுறை, காய்ந்த நெல்லை அரைத்து 5 கிராம் எடுத்து, 130 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வைத்து, எடைக் குறைவை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஈர நெல்லை அரைத்தால் அரைக்கும்போதே ஈரம் பறந்துவிடும், கணக்கு நிற்காது.

அடுத்தது டிரையர். உங்கள் நொய்க்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அவித்த நெல்லை 16 முதல் 18 சதவீதம் வரை காயவைத்து, 4 மணி நேரமாவது ஆறப்போட்டு, பிறகு சூட்டைக் குறைத்து 14 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அவசரத்தில் ஒரே மூச்சாக இறக்கினால் மணியின் மேல்புறம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் மணிக்குள் விரிசல் விழும். டிரையரில் அது கண்ணுக்குத் தெரியாது. உமி நீக்கி, பாலிஷ் போடும்போதுதான் நொய்யாகக் கொட்டும்.

ஆகவே சென்சாருக்கு ஒதுக்கும் முதல் பணம் இங்கேதான் போக வேண்டும்: சூடான காற்று நுழையும் வாயில் ஒரு வெப்ப சென்சார், நெல் இறங்கும் இடத்தில் ஒன்று. உமித்தூசு படிந்தால் சென்சார் மந்தமாகிவிடும். ஷிப்டுக்கு ஒருமுறை துடைக்க ஆள் வையுங்கள். சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் விட்டால், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எண் தாவும். உலோக உறை போட்ட வயர், தனிப் பைப். நெட் போனாலும் பதிவு அழியாதபடி கருவியிலேயே மெமரி இருக்கட்டும்.

இத்தோடு ஒவ்வொரு லோடுக்கும் ஒரு எண். ரகம், வாங்கிய ஈரம், டிரையர் சூடு, இறக்கிய நேரம், அரிசி, நொய், எல்லாம் அந்த எண்ணின் கீழே எக்செல்லில் ஏற வேண்டும். எண் தொலைந்துபோவது பெரும்பாலும் ஊறல் தொட்டியில்தான். அரைத்தொட்டி இடம் இருக்கிறதே என்று அடுத்த லோடையும் சேர்த்துக் கொட்டிவிடுவார்கள். தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதச் சொல்லுங்கள், கலக்க விடாதீர்கள். ஏடிடி 43, சிஆர் 1009 என்ற இரண்டு நெல் ரகங்களையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். ஒன்று சன்னம், மற்றது குண்டு, உடையும் விதமே வேறு.

ரகத்துக்கு 30, 40 லோடு சேர்ந்த பிறகு அந்தக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். சம்பா கணக்கை மட்டும் படித்த ஏஐ குறுவையில் தடுமாறும். இரண்டு பருவமும் ஓட்டிக் காட்டிய பிறகே முழுப் பணம் என்று எழுதி வாங்குங்கள். மீட்டரைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்பதும், உங்கள் பதிவுகளை எப்போது கேட்டாலும் எக்செல்லாகத் தர வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.