47 வயதில் பள்ளி ஆபீஸ் வேலை: பி.எஃப். கிடையாது என்கிறார்களே, சரிதானா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 47, பிளஸ் டூ முடித்தவர். கல்யாணத்துக்கு முன் 1999 முதல் 2004 வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்திருக்கிறார், அப்போது பி.எஃப். பிடித்தார்களாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது ஊர்ப் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் ஆபீஸ் உதவியாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் 9,500. ஆனால் "நாற்பது தாண்டிட்டா பி.எஃப். எல்லாம் கிடையாதும்மா" என்கிறார்களாம், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்து வைக்கச் சொல்கிறார்களாம். இடையில் தெரிந்தவர் ஒருவர், இரண்டரை லட்சம் கொடுத்தால் அரசுப் பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலையே வாங்கித் தருகிறேன் என்கிறார். எதில் போவது, பழைய பி.எஃப். என்ன ஆகும் என்று கேட்கிறார்.

அம்மா, அந்தத் தெரிந்தவரை முதலில் அனுப்பிவிடுவோம். சமையல் உதவியாளர் பணிக்கு அரசே 2025-ல் ஆள் எடுத்தது, 8,997 இடம். வயது வரம்பு 40. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய், ஒரு வருடம் ஒழுங்காகப் பணி செய்த பிறகுதான் 3,000–9,000 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். உங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு வயது 47. விண்ணப்பமே போட முடியாத வேலைக்குத்தான் இந்த ஆள் இரண்டரை லட்சம் கேட்கிறார். மாதம் 3,000 சம்பளத்துக்கு இரண்டரை லட்சம் என்றால் ஏழு வருடச் சம்பளத்தை முன்கூட்டியே அவர் கையில் கொடுப்பது மாதிரி, அதுவும் வேலை கிடைத்தால். "வயசைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார்" என்று அடுத்து சொல்வார். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பதிந்து கிடக்கிற வயதை எந்த ஆளும் குறைக்க முடியாது, முயன்றால் வழக்கில் உங்கள் பெயர்தான் வரும். இந்தப் பேர்வழிகள் ஒவ்வொரு ஒன்றிய அலுவலக வாசல் டீக்கடையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் செய்வதில்லை.

சரி, தனியார் பள்ளிக்கு வருவோம். நாற்பது வயதுக்கு மேல் பி.எஃப். கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருபது பேர் வேலை செய்கிற இடம் என்றால் பி.எஃப். உண்டு, 15,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கட்டாயமாகவே உண்டு. அந்த இருபதில் டீச்சர்கள் மட்டுமல்ல, ஆயா, டிரைவர், வாட்ச்மேன், தற்காலிக ஆள் எல்லோரும் சேர்த்தி. "நீங்க ஸ்கூல் கணக்குல வரமாட்டீங்க, டிரஸ்ட் கணக்குல வர்றீங்க" என்று ஒரு கதை சொல்வார்கள், ஒரே நிர்வாகத்தின் இரண்டு பிரிவுகளைத் தனித்தனி நிறுவனம் என்று காட்டித் தப்பிக்க முடியாது. வயது குறுக்கே வருவது ஓரிடத்தில்தான்: 58 ஆகிவிட்டால் பி.எஃப்.-ஓடு சேர்ந்து வருகிற பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. உங்களுக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது, பென்ஷனுக்குத் தேவை 10 வருட சேவை. அதாவது நீங்கள் சரியான நேரத்தில்தான் வருகிறீர்கள், இன்னும் இரண்டு வருடம் யோசித்துக்கொண்டிருந்தால் புதுசாகச் சேர்ந்து பத்து வருடம் முடிக்க முடியாமல் போய்விடும்.

9,500-க்குக் கணக்கு இப்படி வரும். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,140 ரூபாய். பள்ளியின் பங்கும் அதே 1,140, அதில் 791 பென்ஷனுக்கும் மீதி 349 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் வைத்தியக் காப்பீட்டுக்கு உங்களிடம் 72 ரூபாய் பிடிப்பார்கள், பள்ளி 309 கட்ட வேண்டும். கையில் வர வேண்டியது 8,288. சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று 2,280 பிடித்திருந்தால் முதலாளி பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டப்படி கூடாது, ஆனால் இந்தப் பக்கம் சர்வசாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று, பிடித்துவிட்டுக் கட்டாமலே இருப்பது. மாதா மாதம் 9966044425-க்கு உங்கள் பதிவு செய்த செல்லிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ்-ல் வரும். இரண்டு மாதம் வரவில்லையென்றால் அப்போதே கேளுங்கள். வருடக் கடைசியில் கேட்டால் கணக்கர் மாறியிருப்பார்.

இ.எஸ்.ஐ. பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் உண்டு, 21,000 வரை சம்பளம் இருந்தால் போதும். பி.எஃப். பற்றி மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் 47 வயதில் வேலைக்கு வருகிறவருக்கு இதுதான் உடனே கைகொடுக்கும். உங்களுக்கும் கணவருக்கும் சேர்த்து வைத்தியம், பெரிய கேஸ் என்றால் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரைக்கும் போகலாம், 72 ரூபாய்க்கு.

இப்போது உங்கள் பழைய பணம். இதை நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கம்பெனியை விட்டபோது "செட்டில்மென்ட்" வாங்கினீர்களா? திருப்பூரில் கல்யாணமாகிப் போகிற பெண்களுக்குக் கம்பெனி கிளார்க்கே ஃபாரம் எழுதிக் கொடுத்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அதில் இரண்டு ஃபாரம் உண்டு. 19 என்பது பி.எஃப். பணத்துக்கு. 10-சி என்பது பென்ஷன் பங்குக்கு. இரண்டும் போட்டிருந்தால் பாஸ்புக்கில் இரண்டு தனித்தனித் தொகை வரவாகியிருக்கும், உங்கள் ஐந்து வருடக் கணக்கு அதோடு முடிந்தது, இப்போது புதுசாக ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு தொகைதான் வந்தது என்றால் பெரும்பாலும் 19 மட்டும் போட்டிருப்பார்கள், அப்படியானால் பணம் வெளியே வந்துவிட்டாலும் பென்ஷனுக்கான அந்த ஐந்து வருட சேவை உயிரோடு இருக்கிறது. எதுவுமே எடுக்கவில்லையென்றால் பணமும் சேவையும் இரண்டுமே இருக்கின்றன, பணம் எங்கேயும் ஓடிவிடாது. இந்த வித்தியாசம் எதற்கு என்றால், பழைய ஐந்து வருடம் சேர்ந்தால் 52 வயதிலேயே பத்து வருடம் முடிந்துவிடும், அதற்கப்புறம் பள்ளி மூடினாலும் உங்களை நிறுத்தினாலும் 58-ல் பென்ஷன் உறுதி. தொகை பெரிசில்லை. இந்தச் சம்பளத்தில் 11 வருடத்துக்கு மாதம் சுமார் 1,500, பழையது சேர்ந்தால் நாலைந்து நூறு கூடும். ஆனால் ஆயுளுக்கும் வரும். அதனால் அந்தப் பழைய பேங்க் பாஸ்புக்கை, வருடாந்திர பி.எஃப். ஸ்லிப்பை, சம்பளக் கவரை, எது கிடைத்தாலும் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். பி.எஃப். கணக்கு எண் ஸ்லிப்பிலோ கவரிலோ இருக்கும்.

அப்புறம் பெயர். உங்கள் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பழைய கம்பெனிப் பதிவில் இனிஷியலே இல்லாமல் பெயர் மட்டும். நம் ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான், ஆனால் பி.எஃப். கம்ப்யூட்டருக்கு இது மூன்று பெண்கள். இனிஷியல் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அந்த மென்பொருளை எழுதியவருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யு.ஏ.என். என்பது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண், அதைப் புதுசாக எடுக்க இப்போது மத்திய அரசின் உமங் செல்போன் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும், கண் சிமிட்டச் சொல்லும், வெளிச்சம் போதாது என்று திருப்பி அனுப்பும். பொறுமையாகப் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று செய்யுங்கள். செல் நம்பர் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் ஃபாரம் 11 கொடுப்பார்கள், அதில் முன்பு உறுப்பினராக இருந்தீர்களா என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள், கிளார்க்கை நிரப்ப விடாதீர்கள்.

பழைய கணக்கைத் தேட புரோக்கரிடம் போகாதீர்கள். பி.எஃப். அலுவலக வாசலில் இருபது சதவீதம், முப்பது சதவீதம் என்று கமிஷன் பேசுகிறவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் உள்ளே போய்க் கேட்டாலே நடக்கிற வேலை. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் "நிதி ஆப்கே நிகட்" என்று இந்தியில் பெயர் வைத்து பி.எஃப். அதிகாரிகள் முகாம் போடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், கையில் இருக்கிற காகிதங்களோடு போய் நில்லுங்கள். யார் கேட்டாலும் ஓ.டி.பி. மட்டும் சொல்லக் கூடாது.

ஒரிஜினல் சான்றிதழ்: கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஒரிஜினலை அன்றே பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வேலையை விடக் கூடாது என்று கட்டிப்போடத்தான் வாங்கி வைக்கிறார்கள், வேறு காரணமே கிடையாது. கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில், அது ஈடாக வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதையும் மீறி வாங்கினால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று பள்ளி முத்திரையோடு எழுதி வாங்காமல் நகராதீர்கள். வெறும் செக்கில் கையெழுத்துக் கேட்டால் அந்தப் பள்ளியே வேண்டாம்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 நின்றுவிடுமோ என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்பதுதான் 2023-ல் திட்டம் தொடங்கியபோது வைத்த விதி. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 1,14,000. கணவர் வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள், உள்ளே வந்தால் இந்த வேலையால் அது நிற்காது.

நியமன உத்தரவில் வேலை என்ன என்று எழுதி வாங்குங்கள். 2012-ல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு பஸ்ஸில் உதவியாளர் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்குத் தனி ஆள் போடாமல் ஆபீஸ் பெண்களையே காலை ஆறரைக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற பள்ளிகள் உண்டு, ஒன்பதிலிருந்து ஆபீஸ், மாலை மறுபடி பஸ், சம்பளம் அதே 9,500. போகத் தயார் என்றால் போங்கள், அதற்குத் தனித் தொகை எவ்வளவு என்று உத்தரவிலேயே போடச் சொல்லுங்கள். மே மாதச் சம்பளத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அட்மிஷன் நேரத்தில் ஆபீஸில் உட்கார வைத்து வேலை வாங்கிவிட்டு, லீவு மாதம் என்று பாதிச் சம்பளம் தருகிற வழக்கம் இருக்கிறது, அந்த மாதம் பி.எஃப்.-உம் பாதியாகத்தான் விழும்.