தடய அறிவியல் போட்டி டீமில் எனக்குச் சம்பவ இடத்துக் குறிப்பு எழுதும் வேலை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், போவதில் ஏதாவது பயன் உண்டா?

போங்கள், யோசிக்கவே வேண்டாம். நானும் அதே வேலையைத்தான் செய்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் பி.எஸ்சி. தடய அறிவியல் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டீமில் ஒருவருக்குக் கைரேகை, ஒருவருக்கு கேமரா, ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை, மிச்சமிருக்கிற உங்களுக்கு ஒரு பேடும் பேனாவும். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும், நீயே எழுதிடு" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கையெழுத்துக்கும் இந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யார் எதைத் தொடலாம், எப்போது தொடலாம் என்பதே எழுதுகிறவரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் படித்தது கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. போட்டி சென்னையில், பல ஊர்க் கல்லூரிகளும் வந்திருந்தன. முதலில் வினாடி வினா. பாடப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் தாண்டிவிடலாம். அடுத்தது மாக் க்ரைம் சீன். ஒரு ஹாஸ்டல் அறையைச் சம்பவ இடமாக மாற்றி வைத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டித் தரையில் டம்மி, உடைந்த கண்ணாடி டம்ளர், பாதி குடித்த காபி, சுவரில் சிவப்புத் துளிகள், ரத்தம் தோய்ந்த ஈரத் துண்டு, மேஜை மேல் ஒரு நீளமான தலைமுடி. ஒவ்வொரு டீமுக்கும் அரை மணி நேரம். அதற்கப்புறம் மாக் கோர்ட்: சட்டக் கல்லூரி மாணவர்கள் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று குறுக்கு விசாரணை செய்வார்கள், ஓய்வுபெற்ற தடய அறிவியல் அதிகாரி ஒருவர் மார்க் போடுவார்.

கதவு திறந்ததும் எல்லா டீமும் உள்ளே பாயத்தான் பார்க்கும், எங்கள் ஜூனியர் பையனும் ப்ரஷ்ஷும் கையுமாகக் கிளம்பிவிட்டான். நான் வாசலிலேயே நிறுத்தினேன். முதலில் மணி எழுதினேன். ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, ட்யூப் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, கதவில் உள் தாழ்ப்பாள் உடையவில்லை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். "அக்கா, டைம் போகுது" என்று பின்னாலிருந்து ஒரே அனத்தல். போகட்டும் என்று இருந்தேன். அப்புறம் கைரேகை பவுடர் பறக்கிறது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள், யார் நிறுத்தினார், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்க விட்டேன்.

கோர்ட்டில் அந்த வக்கீல் பெண் நேராக அந்த முடிக்குத்தான் வந்தார். "மேஜை மேல் இருந்த முடி அங்கேயேதான் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஃபேன் ஓடியிருந்தால் வேறு எங்கிருந்தாவது பறந்து வந்திருக்கலாமே?" எங்களுக்கு முன்னால் போன டீமும் இதே கேள்வியில்தான் மாட்டியது. ஃபேன் ஓடியதா இல்லையா என்பதிலேயே அவர்களுக்குள் இரண்டு பதில் வந்தது. நான் பேடைப் பார்த்துப் படித்தேன்: நுழையும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, 11.04-க்கு எங்கள் டீம் நிறுத்தியது, முடி அதற்கு முன்பே காபி டம்ளரின் அடியில் ஒரு முனை சிக்கிய நிலையில் இருந்தது, அதே நிலையில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்த பிறகுதான் எடுத்தோம். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த ஈரத் துண்டு விஷயமும் அப்படித்தான். இன்னொரு ஜூனியர் பெண் ஜிப்லாக் கவரை விரித்துவிட்டாள், நான் வேண்டாம் என்றேன். ஈரமான ரத்தக் கறையை பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டிஎன்ஏ கெட்டுப்போகும். காகிதத்தில் சுற்றிக் காகிதக் கவரில் போட்டு, லேபுக்குப் போனதும் சூடு படாமல் காற்றில் உலர்த்த வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாக ஓ.ஜே. சிம்சன் மேல் நடந்த வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995-இல் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. ஈரமான ரத்த மாதிரிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு, குளிர்சாதனம் இல்லாத வேனில் மணிக்கணக்கில் வைத்திருந்ததை எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்த வழக்கில் எப்படித் துவைத்து எடுத்தார்கள் என்று படித்துப் பாருங்கள். துண்டு எடுக்கும்போது ஈரமாக இருந்தது என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும், அதை எழுதுவது நீங்கள்தான்.

இன்னொன்று, இதில்தான் பல டீம்கள் மார்க்கை விட்டன. சுவரில் இருந்த துளிகளுக்கு, ரத்தமாக இருக்குமா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் காஸ்டில்-மேயர் டெஸ்ட் செய்தோம். ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியில்) எடுத்து, ஆல்கஹால் விட்டு, பினாப்தலீன் கரைசல் விட்டு, நிறம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு. சில நொடிகளிலேயே பளிச்சென்று ரோஜா நிறம் வந்தது. டெஸ்ட் செய்தவன் சந்தோஷத்தில் "மனித ரத்தம்னு எழுதுங்கக்கா" என்றான். நான் எழுதவில்லை. "ரத்தமாக இருக்கலாம், உறுதிப்படுத்தும் சோதனை தேவை, ஒப்பிட்டுப் பார்க்க சுவரின் சுத்தமான பகுதியில் எடுத்த கண்ட்ரோல் ஸ்வாபில் நிறம் வரவில்லை" என்று எழுதினேன். காரணம், அந்தச் சோதனைக்கு மனிதன், ஆடு என்ற வித்தியாசமே தெரியாது, சில காய்கறிச் சாறுகூட ஏமாற்றிவிடும். போட்டி முடிந்து சொன்னார்கள், அது கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டு ரத்தம். மனித ரத்தம் என்று எழுதியதோடு நிற்காமல், கொலைகாரன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று முழுக் கதையே எழுதிய டீமும் இருந்தது. நல்ல கதை, மார்க் கிடைக்கவில்லை.

அளவும் அப்படித்தான். "ஓவல் வடிவத் துளி" என்று எழுதினால் பின்னால் யாருக்கும் உதவாது. நீளம் 8 மி.மீ., அகலம் 4 மி.மீ. என்று எழுதினால், அகலத்தை நீளத்தால் வகுத்து சைன் இன்வர்ஸ் போட்டு, துளி 30 டிகிரியில் சுவரில் பட்டது என்று சொல்லலாம்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசுக்கா இவ்வளவு பேச்சு என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். முதலில் வந்த டீம் டம்ளரில் எடுத்த கைரேகை எங்களுடையதைவிடத் தெளிவு, அவர்கள் ஜெயித்தது நியாயம்தான். கைரேகை எடுப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது கைப்பழக்கம், வருடக்கணக்கில் வர வேண்டியது. ஆனால் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி பரிசு கொடுக்கும்போது எங்கள் குறிப்பைத்தான் மேடையில் படித்துக் காட்டினார்.

"இதெல்லாம் விளையாட்டு, நிஜ வேலை வேறு" என்று கமெண்டில் சொல்லப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிஜத்தில் இதைவிட அதிகமாகவே எழுத வேண்டும். பார்வை மகஜர் (சம்பவ இடத்தைச் சாட்சிகள் முன்னால் பார்த்து எழுதும் பதிவு), மாதிரி வரைபடம், கைப்பற்றிய பொருளுக்கு மகஜர், சாட்சிக் கையெழுத்து, சீல் என்று எல்லாமே காகிதத்தில்தான் நிற்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூரில் அத்தனை களேபரத்துக்கு நடுவே கிடந்த ஒரு கேமராவும் அதற்குள் இருந்த பிலிமும் பத்திரமாகக் கிடைத்ததால்தான் அந்த வழக்குக்கே வழி பிறந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும், தடயம் சேகரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அமல்படுத்த 5 ஆண்டு அவகாசம். இனி அந்த இடத்தில் நின்று எழுதத் தெரிந்தவர்கள் நிறையவே தேவைப்படுவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. போட்டிக்கு அனுப்பிய அதே கல்லூரிதான் எங்களுக்கு ஓடி, அதாவது கல்லூரி வேலையாக வெளியே போன நாளையும் வந்ததாகக் கணக்கிடும் ‘ஆன் டூட்டி’, போடவில்லை. முதல்வர் கையெழுத்து போட்ட கடிதத்தோடுதான் போனோம், திரும்பி வந்து பார்த்தால் அந்த நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட். கேட்டால் "ஸ்போர்ட்ஸுக்கும் என்.எஸ்.எஸ்.ஸுக்கும்தான் ஓடி" என்றார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், வருகை குறைந்ததை மன்னிக்க வாங்கும் கண்டொனேஷன் ஃபீஸ் கட்டித்தான் நான் பரீட்சையே எழுதினேன். அப்பா அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்தார். எங்கள் போட்டோவை மட்டும் அட்மிஷன் பேனரில் பெரிதாகப் போட்டு கேட் முன்னால் கட்டினார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஓடி விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள், துறைத் தலைவர் வாயால் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

சரி, போட்டிக்கு வருகிறேன். கையில் கட்டும் வாட்ச் ஒன்று கொண்டு போங்கள், போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பென்சில் வேண்டாம், பேனா. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் இனிஷியல் போடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள், அந்த ஒன்றைப் பிடித்தே வக்கீல் பத்து கேள்வி கேட்பார். வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்க மறக்க வேண்டாம். ஒவ்வொரு கவரிலும் எண், என்ன பொருள், எங்கே எடுத்தது, யார் எடுத்தது, நேரம் ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சீல் வைக்க விடுங்கள். கதவு திறந்ததும் முதல் இரண்டு நிமிடம் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, அது உங்கள் நேரம் என்று டீம் லீடரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.