அடுக்குமாடி பால்கனியில் உரத்தொட்டி வைத்தால் நாற்றமும் புழுவும் வருமா?

வீட்டில் மறுக்கிறார்கள் என்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். பெங்களூரில், ஜெயநகரில், மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிலும் மறுத்தார்கள். நகரத்துக் குப்பையைச் சுமந்து தவித்த மண்டூர் கிராம மக்கள் 2014-இல் போராடியதைக் கண்ட பிறகு, என் சமையலறைக் கழிவு இன்னொருவர் கிணற்றைக் கெடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, மறு ஆண்டே கழிவை உரமாக்கும் மூன்றடுக்குச் சுடுமண் பானை வாங்கினேன்.

முதல் மாதத்தில் காய்கறித் தோல், பழைய சாதம், வடிகட்டிய தேயிலை என எல்லாவற்றையும் அப்படியே கொட்டி மூடினேன். மூன்றாம் வாரம் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. புழுக்கள் எதிர்வீட்டு வாசல்வரை ஊர்ந்தன. குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு வாரத்துக்குள் அகற்றச் சொன்னார்கள். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைப்பவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே.

எங்கள் வளாகத்துத் தோட்டக்காரர், தருமபுரிக்காரர், பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் ஒழுகியது. "இது மக்கலைம்மா, ஊறிக்கிட்டு இருக்கு. சருகு போடுங்க" என்றார்.

அவர் சொன்னதே முழு உண்மை. காய்கறிக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும், அந்தக் கார்பன் சருகில் இருக்கிறது. காற்றுப் புகாமல் ஊறினால் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகுவதால்தான் நாற்றம் வருகிறது. ஒரு கிண்ணம் கழிவுக்கு நொறுக்கிய சருகு ஒரு கிண்ணத்துக்குக் குறையாமல் தூவி, வாரம் இருமுறை கிளறுங்கள். பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் சொட்டக் கூடாது. புழுக்கள் எட்டிப் பார்த்தாலும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அவை கழிவைத் தின்று உரமாக்க உதவுபவையே. சருகு கூடினால் அவை குறையும். மீன், இறைச்சியைச் சிறு தொட்டியில் தவிர்த்துவிடுங்கள்.

நேரமில்லாதவர்களை நான் குறை கூறவில்லை. எனக்கு நாளுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது. சருகு போடத் தொடங்கிய மூன்று மாதங்களில் மழை நனைத்த மண்ணின் மணத்தோடு முதல் உரம் இறங்கியது, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டேன்.

பானை வாங்கும் முன்பே இரண்டு சாக்குச் சருகு சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் தெருவில் அதைக் குவித்து எரிக்கிறார்கள். பெருக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் தந்துவிடுவார். மழைக்காலத்தில் சருகு கிடைக்காவிட்டால் தென்னை நார்த்தூள் போதும்.