வேளாண் பொறியியலில் தெர்மோ எதற்கு?

தம்பி, கோபிப் பக்கம் மஞ்சள் காட்டில் வளர்ந்தவர், வேளாண் பொறியியலில் சேர்ந்தால் கணக்கும் தெர்மோவுமாக (தெர்மோடைனமிக்ஸ், அதாவது வெப்ப இயக்கவியல்) வருகிறது, அரியரும் விழுந்துவிட்டது, பி.எஸ்சி. அக்ரிக்கு மாறிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீங்க. எனக்கும் தெர்மோவில்தான் முதல் அரியர்.

உங்கள் வீட்டுக் களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ பச்சை மஞ்சளில் 80 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் மிஞ்சுவது 22 கிலோ சொச்சம். மீதி 78 கிலோவும் ஆவியாக வேண்டும், கிலோவுக்குச் சுமார் 2,400 கிலோஜூல். களத்தில் அதை வெயில் சும்மா தருகிறது. உலர்த்தும் இயந்திரம் வைத்தால் விறகோ கரண்டோ, காசு நம்முடையது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் மறைவெப்பம், அதாவது தண்ணீர் ஆவியாக விழுங்கும் வெப்பம், என் மண்டையில் ஏறியது.

வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் ஆக, டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பட்டம்தான் கேட்கும். அதையும் யோசியுங்கள்.

பூச்சி, விதை என்றுதான் மனசு போகிறதா? சரி, மாறுங்கள், தப்பில்லை. ஆனால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக விண்ணப்பித்து முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிளஸ் டூவில் உயிரியல் படித்தீர்களா?