துறைமுக வாசல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் டெக் கேடட் (கப்பல் அதிகாரியாகப் பயிற்சி பெறுபவன்). தூத்துக்குடிக்கு வெளியே 2 நாளாக நங்கூரத்தில் நிற்பதாகச் சொல்கிறான். கப்பலில் ஏதும் பிரச்சினையா? கரைக்கு வந்ததும் நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்) காலியாகவில்லை, அவ்வளவுதான். முன்னால் வந்த கப்பல் நிலக்கரியை இறக்கிவிட்டுக் கிளம்பினால்தான் அடுத்ததற்கு இடம்.

காகிதம் சரியில்லாமல் நிற்கும் கப்பல்களும் உண்டு. சரக்கு மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) சுங்கத்துக்கு, மாலுமிகள் பட்டியல் குடியேற்றத் துறைக்கு, உடல்நல அறிக்கை துறைமுக சுகாதார அதிகாரிக்கு, கடைசியாகத் தொட்ட 10 துறைமுகங்களின் விவரம் பாதுகாப்புப் பிரிவுக்கு என எல்லாம் கப்பல் வருமுன்பே ஏஜென்ட் (கப்பலுக்காகக் கரையில் வேலை பார்ப்பவர்) வழியாகப் போய்ச் சேர வேண்டும். அடிக்கடி கோட்டை விடுவது கப்பல் சுகாதாரச் சான்றிதழை. அதன் ஆயுள் 6 மாதம்தான். நீண்ட பயணத்தில் நடுக்கடலில் காலாவதியாகிவிடும். சோதனை செய்ய வசதியில்லாத துறைமுகமானால் 1 மாதம் நீட்டித்துத் தருவார்கள், அதற்கு மேல் இல்லை. கொடிமரத்தில் மஞ்சள் கொடி பறக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். பறந்தால், சுகாதார அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பார்க்கப் போவதென்றால் நேரே கேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். முதலில் கேப்டனின் சம்மதம், பிறகு ஏஜென்ட் மூலம் துறைமுக நுழைவுச் சீட்டு. கையில் அசல் அடையாள அட்டை வேண்டும். மகனுக்கு ஷோர் பாஸ் (கரையிறங்கும் அனுமதிச் சீட்டு) கிடைத்தால் வெளியே வந்து சந்திப்பதே சுலபம்.

கேள்வி: விழிஞ்ஞத்துக்குப் போகும் ராட்சதக் கப்பலில் பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) எப்படி ஏறுகிறார்? சின்ன போட்டிலிருந்து கயிற்றேணியில் தொங்குவதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. (வாசகர், தேங்காப்பட்டணம்)

பதறுவது நியாயம்தான். 2025 ஜூனில் விழிஞ்ஞம் வந்த எம்எஸ்சி இரினாவின் நீளம் 399.9 மீட்டர். அத்தனை பெரிய கப்பலுக்கும் பைலட் ஏறும் வழி, கயிறும் மரப்படியும் சேர்ந்த ஏணிதான்.

தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டருக்குள் இருந்தால் கயிற்றேணி மட்டும் போதும். அதற்கு மேல் போனால் கப்பலின் சாய்வு ஏணியையும் இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும். சாய்வு 45 பாகையைத் தாண்டக் கூடாது. அதன் கீழ்த்தட்டு தண்ணீருக்கு 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். பெரிய கண்டெய்னர் கப்பல்கள் பலவற்றில் விலாப் பக்கமே ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்து குட்டை ஏணி போட்டுவிடுவார்கள்.

படிக்கும் படிக்கும் இடைவெளி 31 முதல் 35 சென்டிமீட்டர். ஏணி முறுக்கிக்கொள்ளாதிருக்க நடுநடுவே 1.8 மீட்டருக்குக் குறையாத நீளப் பலகை. முதல் நீளப் பலகை கீழிருந்து 5ஆவது படியில் வர வேண்டும். உடைந்த படிக்கு மாற்றுப் படி போட்டிருந்தால், அப்படி 2க்கு மேல் இருக்கக் கூடாது.

விபத்து நடப்பது பெரும்பாலும் கட்டுகிற இடத்தில். ஏணியைத் தளத்திலுள்ள உறுதியான வளையத்தில் கட்டாமல் கைப்பிடிக் கம்பியில் கட்டுவது ஒன்று. பக்கக் கயிற்றில் முடிச்சுப் போடாமல் ஷேக்கிளில் (இரும்புக் கொளுவியில்) படியை மாட்டி, மொத்தப் பாரத்தையும் படியின் மேல் ஏற்றுவது இன்னொன்று. ஏணியை மேலே தூக்கும் கயிற்றை அதன் அடிநுனியில் கட்டினால் அது தொங்கி, பைலட் போட்டில் சிக்கிக்கொள்ளும். போட் விலகும்போது ஏணியையே இழுத்துவிடும். ஆள் ஏணியில் இருந்தால் கதி என்ன? அதனால்தான் அந்தக் கயிற்றைக் கடைசி நீளப் பலகையிலோ அதற்கு மேலோ கட்டி, முன்பக்கமாக இழுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஏணியில் குறை கண்டால் பைலட் ஏற மறுக்கலாம். மறுப்பதே சரி.

கேள்வி: கப்பல்களுக்கு வாழைக்குலை சப்ளை செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது? (வாசகர், மார்த்தாண்டம்)

தனியாளாகக் கப்பலடிக்குப் போக முடியாது. கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் ஷிப் சாண்ட்லர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தருவதுதான் வழி. பட்டியல் கப்பலிலிருந்து வரும், சுங்க அனுமதியைச் சாண்ட்லர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் பாடு காயின் பக்குவத்தில்தான். ஒரே தார் முழுக்கப் பழுத்து வந்தால் 3 நாளில் குப்பைக்குத்தான் போகும். முற்றிய பச்சைக் காய், பாதிப் பழுப்பு, பழம் என்று மூன்று தரமாகப் பிரித்துக் கொடுங்கள். 13 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும், ஆகவே காய்கறிக் குளிரறையில் வைக்க வேண்டாமென்று பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள். பழுக்கும் வாழையைக் கீரையோடு ஒரே பெட்டியில் போட்டாலும் கீரை மஞ்சளாகிவிடும். நம்மூர் மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஆனால் அதன் மெல்லிய தோல் கப்பலுக்குத் தாங்காது. நேந்திரன் போதும்.

எடை போட்டு, டெலிவரி நோட்டில் கப்பல் முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் கேங்வேயை (கப்பலில் ஏறி இறங்கும் படிக்கட்டை) விட்டு இறங்காதீர்கள்.

கேள்வி: கப்பல்கள் குப்பையைக் கடலில் கொட்டலாமா? (வாசகர், குளச்சல்)

பிளாஸ்டிக்கை எங்கேயும் கொட்டக் கூடாது. அரைக்காத உணவுக் கழிவு என்றால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். மற்றதைத் துறைமுகத்தில் இறக்கி ரசீது வாங்க வேண்டும். 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3இன் பிளாஸ்டிக் குருணை நம் கரையில் ஒதுங்கியது வேறு கதை, அது விபத்து. யாராவது கொட்டுவதைக் கண்டால் கப்பலின் பெயர், பின்புறம் எழுதியிருக்கும் 7 இலக்க ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்), நேரம், ஜிபிஎஸ் நிலை நான்கையும் குறித்துக் கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்லுங்கள்.