மழுங்கின கத்திக்கு 3000 கிரிட் உதவாது
காய்கறிக் கத்தியை 3000 கிரிட் டைமண்ட் பிளேட்டில் (வைரத்துகள் பதித்த சாணைத் தகடு; கிரிட் எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்) எவ்வளவு தேய்த்தும் தக்காளித் தோலில் வழுக்குகிறது என்கிறீர்கள். கத்தி மேல் தப்பில்லை, 3000 என்பது ஏற்கெனவே கூராக இருப்பதை மெருகேற்றத்தான். மழுங்கியதை மீட்க 400, முடிக்க 1000, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் உள்ள பிளேட் ஒன்று வீட்டுக்குத் தாராளம். ஓட்டை ஓட்டையாக இருக்கும் மாடல் வேண்டாம், சின்னக் கத்தியின் முனை அதில் மாட்டும். அப்புறம், தயவுசெய்து அழுத்தாதீர்கள்! அழுத்தினால் வைரத்துகள் நிக்கல் பூச்சிலிருந்து பெயர்ந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். மறுபக்கம் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் மெல்லத் தடவினால் அடியிலிருந்து முனைவரை பிசிறு (தேய்த்ததில் விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகம்) தட்டுப்பட வேண்டும், அது வந்த பிறகுதான் பக்கம் மாற்றுவது. புதுப் பிளேட் ஆரம்பத்தில் சொரசொரவென்று ஆழமாகக் கோடு போடும், பயப்படாதீர்கள், போகப்போகப் படிந்துவிடும்.