அத்தானும் மச்சானும் பின்லேடனும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவர் 1999-ல் அமெரிக்கா வந்தவர். குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார். என் தம்பி 2008-ல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டான். அவனுக்கு ஒபாமா என்றால் உயிர். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், பின்லேடன் கொல்லப்பட்ட நாளில் வெள்ளை மாளிகையில் எடுத்த படத்தைப் போனில் காட்டி, “இவர்தான் அத்தான் தலைவர்” என்றான். இவர் உடனே ஐ.எஸ். இயக்கத் தலைவர் பாக்தாதி கொல்லப்பட்ட நாளில் டிரம்ப் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்து நீட்டினார். பேச்சு இராக், புஷ், சர்காவி என்று போனது. கடைசியில் தம்பி, “சர்காவியைக் கொன்னு என்ன கிழிச்சீங்க?” என்று கேட்டுவிட்டான். “பயங்கரவாதிக்கு ஒப்பாரி வைக்கிறவனோட உட்கார்ந்து என்னால சாப்பிட முடியாது” என்று இவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டார். 15 வயது மகள் நடுவில், “சர்காவின்னா யாரு?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. என் கணவர் 2001 செப்டம்பர் 11 அன்று ஜெர்சி சிட்டி படகுத்துறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். அதைப் பற்றிப் பேசவே மாட்டார். யார் சொல்வது சரி? தீபாவளிக்குத் தம்பியைக் கூப்பிடலாமா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சகோதரி, மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வாரம் தவறாமல் கடிதம் வரும் இந்தப் பகுதிக்குப் பின்லேடன் வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது, கடைசிக்குச் சற்று முன்னால் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு படங்கள். தம்பி காட்டிய 2011 படத்தில் ஒபாமா நடு நாற்காலியில்கூட இல்லை. அங்கே ஒரு விமானப்படை அதிகாரி கணினியோடு உட்கார்ந்திருக்க, ஜனாதிபதி ஓரமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு எதையோ பார்க்கிறார். ஹிலாரி கிளின்டன் வாயைக் கையால் பொத்தியிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் காட்டிய 2019 படத்தில் டிரம்ப் நடுநாயகமாக இருக்கிறார். இருபுறமும் கோட்டும் சீருடையும் போட்டவர்கள் நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். “அலட்டல் இல்லாத தலைவர்” என்று ஒருவருக்கும், “கம்பீரமான தலைவர்” என்று இன்னொருவருக்கும் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. கவனித்தீர்களா, செத்த ஆள் இரண்டு படத்திலுமே இல்லை. உங்கள் சாப்பாட்டு மேசையிலும் அவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நடுவர் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. ஆனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். உங்களுக்கு அது வேண்டியிருக்கும்.

இராக்கில் அல்-காய்தா கூட்டத்துக்குத் தலைவராக இருந்த சர்காவி கொல்லப்பட்டது 2006 ஜூன் 7. பாக்தாத்துக்கு வடக்கே பாகுபாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் எஃப்-16 விமானம் 500 பவுண்டு எடையுள்ள இரண்டு குண்டுகளைப் போட்டது. அவர் தலைக்கு 2.5 கோடி டாலர் விலை வைத்திருந்தார்கள். மறுநாள் செய்தியாளர் கூட்டத்தில் அமெரிக்க ராணுவம் அவருடைய இறந்த முகத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வைத்துக் காட்டியது. நம் வீடுகளில் செத்தவர் படத்துக்குச் சட்டம் போட்டால் அதற்கு வேறு அர்த்தம். அதனாலோ என்னவோ, அந்தப் படம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், அந்த ஆள் இயந்திரத் துப்பாக்கியைச் சரியாகச் சுடத் தெரியாமல் தடுமாறுவதையும், காலில் அமெரிக்க நியூ பேலன்ஸ் ஷூ போட்டிருப்பதையும் வீடியோவாகக் காட்டிக் கேலி செய்திருந்தார்கள். மே மாதம் கோமாளி, ஜூன் மாதம் மாபெரும் வேட்டை.

அப்போது புஷ்ஷின் செல்வாக்கு சரிந்துகிடந்தது. நியாயமாகச் சொல்லவேண்டும், அன்று அவர் துள்ளிக் குதிக்கவில்லை. இன்னும் கஷ்டமான நாட்கள் வரும் என்றுதான் பேசினார். அவர் கட்சிக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரே வாரத்தில் பிரதிநிதிகள் சபையில் போரைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். படைகளைத் திரும்பப் பெற நாள் குறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். 256-க்கு 153 என்று நிறைவேறியது. எதிர்த்துப் பேசினால் பயங்கரவாதிக்குப் பயந்தவன், ஆதரித்துப் பேசினால் புஷ்ஷின் எடுபிடி. உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை அங்கே கோட்டும் டையும் போட்டு நடத்தினார்கள், அவ்வளவுதான். மறுபக்கத்துக்காரர்கள் கையிலும் ஒரு பழைய செய்தி இருந்தது: போர் தொடங்குவதற்கு முன்பே, 2002-ல், சர்காவியின் ஆட்கள் இருந்த முகாமைத் தாக்கத் திட்டம் தயாராக இருந்தும் வெள்ளை மாளிகை கைவிட்டது என்று 2004-ல் தொலைக்காட்சியில் வந்தது. விட்டதும் நீங்கள்தானே, பிடித்ததற்கு என்ன பெருமை என்று கேட்டார்கள்.

தம்பியின் கேள்விக்கு வருவோம். “என்ன கிழிச்சீங்க” என்பது சாப்பாட்டு நேரத்தில் அத்தானைப் பார்த்துப் பேசுகிற பேச்சில்லை. ஆனால் கேள்வியில் சரக்கு இருக்கிறது. 2006-ல் மட்டும் இராக்கில் 34,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொன்னது. சர்காவி போன பிறகும் கொலைகள் நிற்கவில்லை. அவருடைய கூட்டம் பெயர் மாறி, தலைவர் மாறி, கடைசியில் பாக்தாதி கைக்குப் போய், ஐ.எஸ். ஆகி, 2014-ல் மொசூல் நகரத்தையே பிடித்தது. அதே சமயம், தலையறுக்கும் வீடியோவைப் பிரசாரமாக்கிய ஒருவனை உயிரோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டால், தம்பியிடம் பதில் இருக்காது.

இனி 2011-க்கு வாருங்கள். பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் கொல்லப்பட்டதும் இரண்டு கட்சிகளும் வசனத்தை மாற்றிக்கொண்டன. ஓர் ஆள் செத்தால் போர் முடிந்துவிடுமா என்று ஐந்து வருடம் முன்பு கேட்ட ஜனநாயகக் கட்சி, 2012 தேர்தலில் பின்லேடன் சாவை மேடைதோறும் சொன்னது. “பின்லேடன் செத்தார், ஜெனரல் மோட்டார்ஸ் பிழைத்தது” என்பதைத் துணை ஜனாதிபதி பைடன் கோஷமாகவே வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாக்குதல் வேண்டாம் என்று முதலில் ஆலோசனை சொன்னதாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார். குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னியோ, அந்த உத்தரவை, மென்மையானவர் என்று பெயர் வாங்கிய முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர்கூடப் போட்டிருப்பார் என்றார். 2002 மார்ச்சில் அவர் கட்சி ஜனாதிபதி புஷ், பின்லேடனைப் பற்றித் தனக்கு அவ்வளவாகக் கவலை இல்லை என்று சொன்னது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்னொரு பங்காளிச் சண்டையும் நடந்தது. புஷ் காலத்தில் கைதிகளின் முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைத்தார்களே, அதில் கிடைத்த துப்புதான் பின்லேடன் வீட்டைக் காட்டிக்கொடுத்தது என்று குடியரசுக் கட்சியில் ஒரு கூட்டம் சொன்னது. அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் எழுந்து அது பொய் என்றார். வியட்நாமில் ஐந்தரை வருடம் கைதியாகக் கிடந்து சித்திரவதை பட்டவர் அவர். 2014-ல் வந்த செனட் உளவுக்குழு அறிக்கையும் அவர் பக்கமே நின்றது. இந்த இருபது வருடக் கூச்சலில் சொந்தக் கட்சியை மறித்துப் பேசிய ஒரு சிலரில் அவர் ஒருவர். அதனால் அவர்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

2019-ல் பாக்தாதி. சிரியாவின் இட்லிப் பகுதியில் சிக்கி, தன்னைத்தானே வெடித்துக்கொண்டு செத்தார். “நாயைப் போலச் செத்தான்” என்று டிரம்ப் அறிவித்தார். சபாநாயகர் பெலோசிக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று ஜனநாயகக் கட்சியினர் குறைபட்டார்கள். காலையில் அந்த அறிவிப்பு. இரவு வாஷிங்டனில் பேஸ்பால் இறுதித் தொடர் பார்க்கப் போனார் டிரம்ப். திரையில் அவர் முகம் தெரிந்ததும் அரங்கமே ஊளையிட்டது. பின்லேடனைக் கொன்றதால் ஒபாமாவுக்குக் கிடைத்த செல்வாக்கும் சில வாரங்களில் வடிந்துவிட்டது. புஷ் கட்சியோ சர்காவி செத்த ஐந்தாவது மாதத்தில் இரண்டு சபைகளையும் பறிகொடுத்தது. மூன்று மாதமாக உங்கள் வீட்டில் இரண்டு பேர் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்களோ, அந்தப் பெருமைகளை அமெரிக்க வாக்காளர்களே அந்தந்த வருடமே மறந்துவிட்டார்கள்.

சரி, இதையெல்லாம் வெட்டி எடுத்து இருவர் முன்னாலும் வைக்கலாமா? தயவுசெய்து வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் ஆதாரம் காட்டி ஜெயித்த குடும்பச் சண்டை எதையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்காகத்தான் சொன்னேன். அவர்கள் அன்று பேசிய வசனம் எதுவும் சொந்த வசனமில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும். “ஒப்பாரி வைக்கிறவன்” என்பதும் இரவல், “என்ன கிழிச்சீங்க” என்பதும் இரவல். இரவல் வார்த்தைக்காகத் தம்பியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

அந்த மேசையில் மூன்று கேள்விகள் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. அவன் செத்தது நல்லதா, பெருமை யாருக்கு, அந்தப் போரே சரியா. தம்பி மூன்றாவதைக் கேட்டான். உங்கள் வீட்டுக்காரர் காதில் முதலாவது விழுந்தது. பயங்கரவாதி செத்ததில் உனக்கு வருத்தமா என்று எடுத்துக்கொண்டார். ஏன் அப்படி விழுந்தது என்று யோசிக்கும்போதுதான் உங்கள் அந்த வரி. படகுத்துறையில் நின்று பார்த்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் கோபுரங்கள். தம்பிக்கு அது பாடப்புத்தகம், தொலைக்காட்சி. இவருக்குக் கண்ணெதிரில் நடந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள். பேசாததெல்லாம் புஷ், டிரம்ப், சர்காவி என்று வேறு வாசல் வழியாக வெளியே வருகிறது என்று நினைக்கிறேன்.

தம்பியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. 2008-ல் தனியாக, மாணவனாக வந்தவன், அந்தப் போர்க்காலத்தின் வேறொரு முகத்தைப் பார்த்திருக்கலாம். அவனோடு வகுப்பில் இருந்த யாராவது இராக்கிலிருந்து திரும்பி வந்தவராக இருக்கலாம். விமான நிலையத்தில் அவனைத் தனியே நிறுத்திவைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. கேளுங்கள்.

நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களே ஒரே மாதிரி பேசுவதில்லை. 2004-ல் சர்காவி கூட்டம் தலையறுத்துக் கொன்ற நிக் பெர்க் என்ற இளைஞரின் தந்தை மைக்கேல் பெர்க், சர்காவி செத்த செய்தி வந்தபோது, ஒரு மனிதன் இறந்ததற்கு வருந்துகிறேன் என்றார். பழிவாங்கல் வேண்டாம் என்றார். போரை எதிர்த்துப் பசுமைக் கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றார். பாக்தாதியின் பிடியில் இருந்தபோது இறந்த கெய்லா முல்லர் என்ற பெண்ணின் பெயரைத்தான் 2019 தாக்குதலுக்கு வைத்தார்கள். அவளுடைய பெற்றோர் டிரம்புக்கு மனதார நன்றி சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் மைக்கேல் பெர்க்கைப் பார்த்து “ஒப்பாரி” என்று சொல்வாரா? உங்கள் தம்பி முல்லர் தம்பதியிடம் போய் “என்ன கிழிச்சாங்க” என்று கேட்பானா?

தீபாவளிக்குத் தம்பியைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் மகள் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த மேசையில் கேட்கப்பட்ட ஒரே ஒழுங்கான கேள்வி அதுதான். அவள் பிறப்பதற்கு முன்பே சர்காவி செத்துவிட்டார். அவளுக்கு எந்தக் கட்சியின் வசனமும் தெரியாது. தனித்தனியே இருவரிடமும் அவளைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு முதலிலிருந்து சொல்ல உட்கார்ந்தால் அந்தப் போர் ஏன் வந்தது, யார் யார் செத்தார்கள் என்று தொடங்கித்தான் ஆகவேண்டும். “என்ன கிழிச்சீங்க” என்று ஆரம்பிக்க முடியாது. இடையில் நீங்கள் நுழைந்து திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவள் தேடிப் படித்துக்கொள்வாள்.

உங்கள் கணவரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று. ஜெர்சி சிட்டி லிபர்ட்டி ஸ்டேட் பூங்காவில், அன்று இறந்த நியூ ஜெர்சிக்காரர்கள் 700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த இரண்டு நீளச் சுவர்கள் இருக்கின்றன. நடுவில் நின்று பார்த்தால், கோபுரங்கள் இருந்த இடம் ஆற்றுக்கு அப்பால் தெரியும். போயிருப்பாரோ என்னவோ. ஒரு சனிக்கிழமை மகளோடு கிளம்புங்கள். தம்பியையும் வரச் சொல்லுங்கள், காரை அவனே ஓட்டட்டும். “அப்பா, நீங்க அன்னிக்கு எந்த இடத்துல நின்னீங்க?” என்று மகள் கேட்டால் போதும்.